மூன்று டன்னை நிறுத்தும் 150 வாட்

கோடை பிறந்துவிட்டால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வீடுகளே புறப்பட்டுவிடும். ஃபோர்டு எஃப்-150, ராம், சில்வராடோ மாதிரியான பிக்கப் டிரக்குகளின் பின்னால் படுக்கை, அடுப்பு, கழிவறை சகிதம் ஒரு கேம்பர் ட்ரெய்லர். மூன்று டன் எடை என்பது அங்கே சர்வசாதாரணம். சில சமயம் இழுக்கிற வண்டியைவிட இழுபடுகிற வண்டி கனமாக இருக்கும். இரண்டையும் இணைப்பது ஓர் எஃகுக் குண்டு. அதன் விட்டம் இரண்டு அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இழுப்பது பெரிய காரியமில்லை, அதற்கு இஞ்சின் இருக்கிறது. நிறுத்துவதில்தான் வம்பு. டிரக் மட்டும் பிரேக் போட்டால் பின்னால் வரும் மூன்று டன்னும் வந்த வேகத்திலேயே வந்து டிரக்கை முட்டித் தள்ளும். நேராகத் தள்ளினால் நிற்கும் தூரம் கூடும். கோணலாகத் தள்ளினாலோ இரண்டு வண்டிகளும் இணைப்பில் மடங்கிச் சாலைக்குக் குறுக்கே கிடக்கும். அதனால்தான் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் கேம்பர் என்றால் 1,500 பவுண்டிலேயே அந்தச் சட்டம் வந்துவிடுகிறது.

சரி, அந்தத் தனி பிரேக்கை யார் மிதிப்பது? டிரக்கின் பிரேக் ஆயில் குழாய் ட்ரெய்லர் வரை போவதில்லை. பின்பக்கம் இருப்பது ஏழு முனை கொண்ட ஒரு மின்பிளக். அதில் நீல நிற வயர் ஒன்றுதான் பிரேக்குக்கு. அதன் வழியே போகும் மின்சாரம் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர். 12 வோல்ட்டில் அது 36 வாட். நாலு சக்கரத்துக்கும் சேர்த்தால் 150 வாட்கூடத் தேறாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் மூன்று டன்னின் வேகத்தை ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைக்க வேண்டுமானால், பிரேக் போடும் அந்தக் கணத்தில் 2,50,000 வாட் திறனை விழுங்கியாக வேண்டும். 150 எங்கே, இரண்டரை லட்சம் எங்கே!

ட்ரெய்லர் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மின்காந்தம், ஒரு நெம்புகோலின் நுனியில் தொங்கிக்கொண்டு, டிரம்மின் தட்டையான உட்புறத்தை லேசாக உரசியபடி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது டிரம்மில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. டிரம்மோ சுழன்றுகொண்டிருக்கிறது, ஒட்டியதைத் தன்னோடு இழுத்துப் போகிறது. காந்தம் நகர, நெம்புகோல் திரும்ப, அதன் மறுமுனை பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் சுவரோடு அழுத்துகிறது. முதல் ஷூவையும் டிரம் இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது ஷூவின் மேல் தள்ளுகிறது. சக்கரம் தன் பலத்தாலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. மின்சாரம் தூண்டிவிடுவதோடு சரி.

எவ்வளவு தூண்ட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பிரேக் கண்ட்ரோலரின் வேலை. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் பொருத்தும் சிறு பெட்டி. அதற்கு நாலே வயர்கள்: பேட்டரியிலிருந்து கறுப்பு, எர்த்துக்கு வெள்ளை, பிரேக் விளக்கின் சுவிட்சிலிருந்து சிவப்பு, ட்ரெய்லருக்குப் போகும் நீலம். பல பிக்கப்புகளில் இதற்கான பிளக் தயாராகவே தொங்குகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வயராகத் தேடி இணைக்க வேண்டும். பேட்டரி வயரில் சர்க்யூட் பிரேக்கர் வைக்காமல் இணைப்பது தீயோடு விளையாடுவது.

சிவப்பு வயர் ‘பிரேக் மிதித்தாயிற்று’ என்று மட்டும் சொல்லும். எவ்வளவு அழுத்தி மிதித்தார் என்று அதற்குத் தெரியாது. மலிவான கண்ட்ரோலர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல், முன்பே வைத்த அளவை நோக்கி மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றிவிடும். நல்ல கருவிகள் டிரக்கின் வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்று அளந்து அதற்கேற்ப அனுப்பும். பழையவற்றில் இதற்கு ஒரு ஊசல் இருந்தது. பிரேக் போட்டதும் அது முன்னால் சாயும். இன்று அந்த வேலையை முடுக்கமானிச் சில்லு செய்கிறது.

இங்கே ஐன்ஸ்டீன் குறுக்கிடுகிறார். ஈர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளிருந்து பிரித்தறிய முடியாது என்று 1907-ல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. டேஷ்போர்டு ஊசலுக்கும் அதே திண்டாட்டம்தான். மலையிறக்கத்தில் சீரான வேகத்தில் போனாலும் அது முன்னால் சாய்ந்துகொண்டு, பிரேக் போடுகிறார்கள் என்றே நினைக்கும். நவீனக் கருவிகள் சாய்வைத் தாமே கணக்கிட்டுச் சரிக்கட்டிக்கொள்கின்றன. 2005-ல் ஃபோர்டு தன் சூப்பர் டியூட்டி டிரக்கில் கண்ட்ரோலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியது. பிரேக் ஆயிலின் அழுத்தத்தையே நேராகப் படித்துவிடுவதால் இந்த ஊகமே அங்கு வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம்.

வாங்கிப் பொருத்திய கையோடு நெடுஞ்சாலை ஏறிவிடக் கூடாது. சமதளமான, ஈரமில்லாத சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய்க் கண்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடும் கைப்பிடியை அழுத்திப் பார்க்க வேண்டும். ட்ரெய்லர் சக்கரம் உருளாமல் தேய்ந்து வழுக்கினால் அளவு அதிகம். சோம்பலாக இழுத்தால் குறைவு. சரக்கின் எடை மாறினால் அளவையும் மாற்ற வேண்டும். அந்தக் கைப்பிடிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. காற்றிலோ தவறான சுமையாலோ ட்ரெய்லர் வால்போல் ஆட ஆரம்பித்தால், டிரக்கின் பிரேக்கைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்துவார்கள். பின்னிழுக்கும் விசை ட்ரெய்லரை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

இணைப்பே அறுந்து ட்ரெய்லர் தனியாக ஓடினால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். டிரக்கோடு கட்டிய மெல்லிய கம்பி இழுபட்டு ஒரு முள்ளைப் பிடுங்கும். உடனே ட்ரெய்லரிலுள்ள சிறு பேட்டரி காந்தங்களுக்கு உயிர் கொடுக்கும். வர்த்தக வண்டிகளில் அந்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ட்ரெய்லரில் செத்துப்போயிருப்பது பெரும்பாலும் இந்த பேட்டரிதான்.

சக்கரத்தின் சுழற்சியையே நம்பியிருப்பதால், ஏற்கெனவே நின்றுவிட்ட வண்டியில் புதிதாகப் போட்டால் இந்த பிரேக் உதவாது. காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அதை இழுத்துப் போகச் சக்கரம் சுழலாது. எனவே ட்ரெய்லரைக் கழற்றும் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள்.