தடுப்பு ஊசியும் பெற்றோரின் ஐயமும்

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, முன்பு பேசிய இரண்டொரு சொற்களையும் பேசாமல் நிறுத்திவிடுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. இது ஆட்டிசம் என்று மருத்துவர் கூறியதும், "காரணம் யாது?" என்ற வினா பெற்றோர் உள்ளத்தில் எழுகிறது. முன்வினைப் பயன், கர்ப்ப காலத்தில் நேர்ந்த குறை, தாயின் வளர்ப்பு, அண்மையில் போடப்பட்ட ஊசி எனப் பலவற்றை அவர்கள் எண்ணுகின்றனர். இவற்றுள் ஊசியைப் பற்றிய ஐயம் ஊரிலுள்ள மற்றக் குழந்தைகளையும் பாதிக்கவல்லது.

ஐயம் பிறந்த விதம்

1998ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கான ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது. 2010இல் அவ்விதழ் அக்கட்டுரையை விலக்கியது. பின்னர் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சி 2019இல் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் ஆட்டிசம் மிகுதியாகக் காணப்படவில்லை.

ஆயினும் பெற்றோர் ஐயுறுவது ஏன்? நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள் போடப்படுகிறது. பேச்சில் உள்ள குறை வெளிப்படத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்பருவத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே இது.

ஊசி தரும் காப்பு

புனே நகரில் 1966இல் நிறுவப்பட்ட சீரம் நிறுவனம் இம்மருந்தைப் பெருமளவில் தயாரிக்கிறது. இதில் உள்ளவை வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரசுகள். பாதரசம் கலந்த தயோமெர்சால் அவற்றைக் கெடுத்துவிடும் ஆதலால், அது இம்மருந்தில் சேர்க்கப்படுவதில்லை.

ஆட்டிசத்துக்குப் பெரிதும் அடிப்படையாக அமைபவை மரபுக் கூறுகளே. எனினும், கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் சிசுவின் கண், காது, இதயம் மட்டுமன்றி மூளையும் கேடுறக்கூடும். 1964இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவுக்குப் பின், இவ்வாறு பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார். அவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. ஆகவே, ஆட்டிசத்தை உண்டாக்குவதாகப் பழிக்கப்பட்ட ஊசியே அதன் காரணங்களுள் ஒன்றைத் தடுக்கிறது!

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின; பெற்றோர் பலர் தயங்கினர். மகாராஷ்டிரத்தில் இவ்வியக்கம் 2018 நவம்பரில் தொடங்கியது.

சிகிச்சை எது?

ஆட்டிசத்தை அறவே நீக்கும் மருந்து இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சையை இதற்குப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெரிவித்தது. அத்தகைய சிகிச்சையை நாடிப் பெற்றோர் இழப்பது பொருள் மட்டுமன்று. பயிற்சிக்குரிய இளம் பருவமும் வீணாகிறது.

பயிற்சியளிக்க நிபுணர்கள்தாம் வேண்டும் என்பதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2016இல் வெளிவந்தது. அங்கே நிபுணரல்லாத ஊழியர்கள், குழந்தையின் குறிப்பறிந்து பேசவும் விளையாடவும் பெற்றோருக்குக் கற்பித்தனர். அதன் பயனாகக் குழந்தைகள் தாமாகவே பெற்றோருடன் தொடர்புகொள்ள முயல்வது மிகுந்தது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

ஐயுறும் பெற்றோரைக் கடிந்துகொள்ளலாகாது. அவர்கள் சொல்வதை முழுதும் கேட்டபின், இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே பருவத்தில் நேர்வதை விளக்க வேண்டும். வளர்ப்பினால் வந்த குறையன்று என்பதைத் தாய்க்கு உறுதியாகக் கூற வேண்டும். பெயருக்குத் திரும்பாத, ஒரு வயதுக்குப் பின்னும் சுட்டிக் காட்டாத, 16 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாத குழந்தையைக் கண்டால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திராமல், மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்துக்கு உடனே அனுப்புவது நலம். அக்குழந்தைக்கும் உரிய தவணையில் ஊசி போடுதல் வேண்டும்.