மேடையில் பதித்த அடுப்பா, தனித்து நிற்கும் அடுப்பா?

கிரானைட் மேடையைத் துளைத்துப் பதிக்கப்படும் 'ஹாப்' என்னும் எரிவாயு அடுப்பும், அலமாரிக்குள் பொருத்தப்படும் மின்சார ஓவனும் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளன. பார்வைக்கு அழகானவை, துடைப்பதற்கும் எளியவை. எனினும் சில ஆண்டுகள் புழங்கிய பின்னர், இவ்விரண்டையும் அகற்றிவிட்டு, மேலே பர்னர்களும் கீழே ஓவனும் ஒருங்கே அமைந்து தரையில் நிற்கும் 'குக்கிங் ரேஞ்ச்' ஒன்றை வாங்கலாமா என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் உங்களுக்கும் எழுந்திருப்பின், கடைக்குச் செல்லுமுன் சில செய்திகளை அறிந்து கொள்ளுங்கள்.

இம்மாற்றத்தை நாடுவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. ஹாப் பழுதடைந்தால் அதே அளவிலான துளைக்குப் பொருந்தும் புதிய ஹாப் கிடைப்பது அரிது. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க இயலாதல்லவா? வாடகை வீட்டில் வாழ்வோருக்கோ, பதித்தது வீட்டோடு தங்கிவிடும். தனித்து நிற்பது குடும்பத்தோடு புறப்பட்டு வரும். மூடியின்மேல் தணல் பரப்பிச் சுட்டெடுக்கும் நம் தம்மடைக்கு வேண்டிய மேல்வெப்பத்தையும் கீழ்வெப்பத்தையும் இரண்டு வகை ஓவன்களும் தரும்.

குறைகளையும் மறைக்கலாகாது. ரேஞ்சின் ஓவன் தாழ்வாக அமைந்திருப்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குனிந்து தட்டை எடுக்க வருந்துவர். இருபுறத்து இடுக்குகளிலும் எண்ணெய்ப் பிசுக்குச் சேரும். விருந்துக்குப் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவுக்கு ஹாப்பும் ஏற்றதன்று, ரேஞ்சும் ஏற்றதன்று. அகன்ற பாத்திரம் பக்கத்துப் பர்னரையும் திருகுகளையும் மூடி, அவற்றைச் சூடேற்றிவிடும். அதற்குத் தரையில் வைக்கும் வலுவான தனியடுப்பே உகந்தது.

மாற்றுவதென்று முடிவு செய்தபின் முதல் வேலை அளவெடுப்பது. ரேஞ்சுகள் பெரும்பாலும் 50, 60, 90 சென்டிமீட்டர் அகலங்களில் வருகின்றன. உயரம் ஏறத்தாழ 85 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கும். உங்கள் மேடையின் உயரத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ரேஞ்சு மேடையைவிடத் தாழ்ந்திருந்தால் தீயின் வெம்மை கல்லின் விளிம்பில் படும்.

அடுத்தது கல். ஹாப்புக்கு மேடையில் ஒரு துளை போதும். ரேஞ்சுக்கோ மேடையை முன்னிருந்து சுவர் வரை முழுவதுமாக வெட்டியெடுக்க வேண்டும். அவ்வாறு வெட்டும்போது எஞ்சி நிற்கும் இரு பகுதிகளும் வெட்டிய முனையிலும் அடியில் தாங்கலுடன் இருத்தல் வேண்டும். இன்றேல் கனத்த அம்மியோ கிரைண்டரோ வைத்தவுடன் பலகை முறியக்கூடும். கொத்தனார் வந்து பார்த்துச் சொன்ன பிறகே ரேஞ்சுக்கு முன்பணம் கொடுங்கள்.

மூன்றாவது எரிவாயு. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலின் சிலிண்டரை ஓவனை ஒட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத அலமாரிக்குள்ளும் அடைக்காதீர்கள். ரப்பர்க் குழாய் சூடான ஓவனின் பின்புறத்தைத் தொட்டுச் செல்லலாகாது. எரிவாயு நிறுவனங்கள் வழங்கும் கம்பி வலையிட்ட குழாயையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். இணைப்பு முடிந்ததும் சோப்பு நீரைத் தடவிக் கசிவைச் சோதியுங்கள். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது உயிருக்கே உலையாகும். கசிவு ஏற்பட்டால் அழைக்க வேண்டிய எண் 1906. குழாய்வழி எரிவாயு வரும் வீடாயின், சிலிண்டருக்கென அமைந்த பர்னர் ஜெட்டுகளை அதற்குரியவையாக மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது.

நான்காவது மின்சாரம். 2000 வாட் ஓவன் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கெனத் தனி வயரும் தேவை. வாங்குவது எரிவாயு ஓவன் எனில், தீ அணைந்ததும் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உண்டா என்று கேளுங்கள்.

இறுதியாக, பலரும் கேளாத கேள்வி ஒன்று. மேடையில் பதித்த ஹாப் கவிழாது. தனித்து நிற்கும் ரேஞ்சு கவிழக்கூடும். திறந்திருக்கும் ஓவன் கதவின்மேல் ஒரு குழந்தை ஏறி நின்றாலே போதும், ரேஞ்சு முன்பக்கம் சாய்ந்து, மேலே கொதிக்கும் நோன்புக் கஞ்சி அக்குழந்தையின்மீதே கவிழ்ந்துவிடலாம். இதைத் தடுக்கவே, ரேஞ்சைச் சுவருடன் பிணைக்கும் சங்கிலியோ பிடிமானமோ உண்டு. அது ஒரு சிறு இரும்புத் துண்டுதான். ஆயினும் பொருத்துவோர் அதைப் பெட்டியிலேயே விட்டுச் செல்வதுண்டு. அதைச் சுவரில் பொருத்தி, ரேஞ்சை இழுத்துப் பார்த்து உறுதி செய்த பின்னரே முதல் உலையை ஏற்றுங்கள்.

அளவு, கல், வாயு, மின்சாரம், பிடிமானம் ஆகிய ஐந்தும் செவ்வனே அமைந்தால் உங்கள் பணம் வீண்போகாது. பிள்ளைகள் ஓடியாடும் அடுக்களையும் அச்சமின்றி இருக்கும். இவற்றுள் ஒன்று குறையினும், இருக்கும் ஹாப்பைப் பழுது பார்த்துப் புழங்குவதே அறிவுடைமை.