மண்ணும் வானும் கூடிய சொல்

ஐரோப்பாவின் வடகோடியில் பின்லாந்து என்றொரு சிறு தேசம் இருக்கிறது. அத்தேசத்தார் உலகத்தை 'மா-இல்மா' என்கிறார்கள். 'மா' என்றால் மண்; 'இல்மா' என்றால் காற்று. காலின் கீழ் மண், தலைக்கு மேல் காற்று. இவ்விரண்டும் கூடியதே உலகம்!

இச்சொல்லின் வம்சாவளி ரஸமானது. 'இல்மா' ஆதியில் வானத்தைக் குறித்தது. வடக்கே ஸாமி ஜனங்கள் வானத்தை 'அல்ப்மி' என்பர். ருஷ்யாவிலுள்ள உட்மூர்த் ஜனங்களோ கடவுளை 'இன்மர்' என்பர். அவர்களுக்கு அண்டையிலுள்ள கோமி பாஷையில் மண்ணுக்கு 'மூ' என்று பெயர். யாவும் ஒரே குலத்துச் சொற்கள்.

1548-ல் மிகாயேல் அக்ரிகோலா பின்னிஷ் பாஷையில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலேயே இச்சொல் காணப்படுகிறது. ஆயினும் கற்றோரும் அதிகாரிகளும் நெடுங்காலம் ஸ்வீடிஷ் பாஷையையே போற்றினர். பின்னிஷ், குடியானவர் பேச்சென்று ஒதுக்கப்பட்டது. 1809-ல் தேசம் ஸ்வீடனிடமிருந்து ருஷ்யாவின் வசமான பிறகும் அந்நிலை உடனே மாறவில்லை.

எலியாஸ் லோன்ரோட் என்ற வைத்தியர் கிராமம் கிராமமாக நடந்து நாட்டுப் பாடல்களைத் திரட்டினார். அவற்றைக் கோத்து 1835-ல் 'கலேவலா' காவியத்தை வெளியிட்டார். அதில் வானத்தையே அடித்து உருவாக்கிய கொல்லன் பெயர் இல்மாரினென். அப்பெயரும் 'இல்மா'வின் வழி வந்ததே. 1863-ல் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாந்தர், இருபது வருஷங்களுக்குள் பின்னிஷுக்கும் ஸ்வீடிஷுக்குச் சமமான ஸ்தானம் அளிக்கும்படி உத்தரவிட்டார். 1917-ல் தேசம் சுதந்திரம் பெற்றது.

ஏழைகளின் நாவில் பிழைத்திருந்த மண்ணும் வானும் இன்று அத்தேசத்துப் பார்லிமெண்டில் ஒலிக்கின்றன. பாஷையை இழவாதவர் உலகத்தையும் இழப்பதில்லை.