குரலுக்கு உரியவர்

மேடையில் நடிப்பவருக்கு முகமும் கையும் துணை நிற்கும். சித்திரப்படத்தின் பின்னிருந்து பேசுபவருக்கோ குரல் ஒன்றே துணை. படம் பார்ப்போர் முயலையும் வாத்தையும் அறிவர். அவற்றின் வாயாகப் பேசியவர் இன்னார் என அறியார். அத்தகையோருள் ஒருவருக்குப் பெயர் கிடைத்த வரலாறு, அமெரிக்காவின் மெல் பிளாங்க் என்பாருடைய வரலாறாகும்.

1908ஆம் ஆண்டு சன் பிரான்சிஸ்கோவிற் பிறந்த பிளாங்க், வானொலியிலே பலகுரலிற் பேசிப் பழகியவர். 1930களின் பிற்பகுதியில், வோர்ணர் நிறுவனத்துக்குச் சித்திரப்படங்கள் தயாரித்துவந்த லியோன் ஷ்லெசிங்கரிடம் அவர் சேர்ந்தார். பக்ஸ் பனி என்னும் முயலும், டபி டக் என்னும் வாத்தும், போர்க்கி என்னும் திக்குவாய்ப் பன்றியும் அவருடைய நாவினாற் பேசின. சித்திரத்தை வரைந்தபின்னரே குரல் சேர்க்கப்படுகிறதென்று பலர் எண்ணுவர். அங்கே பெரும்பாலும் குரலே முதலிற் பதிவாகும். அதன் ஏற்ற இறக்கத்தைக் கேட்டு ஓவியர் வாயசைவை வரைவர்.

எனினும், தொடக்கத்தில் திரையில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை. அவர் சம்பள உயர்வு கேட்டபோது முதலாளி மறுத்தார். அதற்கு ஈடாகப் பெயரைத் திரையிலிட இசைந்தார் என்று பிளாங்க் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1940களின் நடுப்பகுதி முதல் அவர் பெயர் திரையில் வந்தது. ஆனால் அவ்வுரிமை நெடுங்காலம் அவர் ஒருவருக்கே இருந்தது. எல்மர் என்னும் வேட்டைக்காரனுக்குப் பேசிய ஆதர் பிரையனின் பெயரைப் பெரும்பாலான படங்களிற் காணமுடியாது.

1961 ஜனவரியில் நிகழ்ந்த மோட்டார் விபத்திற் பிளாங்க் படுகாயமுற்று நினைவிழந்தார். எதற்கும் மறுமொழி தராதிருந்தவரை, மருத்துவர் ஒருவர் பக்ஸ் பனி என்று விளித்து நலம் வினாவ, அம்முயலின் குரலிலேயே விடை வந்ததாம். அந்நாட்களில் 'பிளின்ஸ்டோன்ஸ்' தொடரில் அவர் ஏற்ற பார்னி பாத்திரத்துக்கு, டோஸ் பட்லர் என்ற வேறொரு நடிகரை அழைக்கவேண்டியதாயிற்று. பின்னர் ஒலிப்பதிவுக் கருவிகளை வீட்டுக்கே கொண்டுவந்து, கட்டுகளோடு படுத்திருந்த பிளாங்கைப் பேசவைத்தனர். அவர் 1989இற் காலமானார்.

காணொளி விளையாட்டுகள் தோன்றியபின் இத்தொழில் மேலும் விரிந்தது. நடிகர் பெரும்பாலும் தனியறையில், எதிரே பேசுவார் இன்றி, வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். போர் விளையாட்டாயின் அடிபடுவோனின் அலறலையும் சாவோனின் ஓலத்தையும் மணிக்கணக்காக எழுப்பவேண்டும்; தொண்டை புண்படும். 2016 ஒக்டோபரில் அமெரிக்க நடிகர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு முறைப்பாடாக இருந்தது.

2024 ஜூலையில் அச்சங்கத்தார் மீண்டும் வேலைநிறுத்தஞ் செய்தனர். இம்முறை அவர்கள் அஞ்சியது செயற்கை நுண்ணறிவை. பதிவுசெய்த குரலைக் கொண்டு, நடிகர் ஒருபோதும் சொல்லாத வசனத்தையும் அவர் குரலிலேயே சொல்ல அது வல்லது. 2025 ஜூலையில் அங்கத்தவர் ஏற்ற ஒப்பந்தப்படி, குரலின் நகலை ஆக்குவதற்கு நடிகரின் சம்மதம் வேண்டும்; அதன் பயன் இன்னதென்றும் அவருக்குத் தெரிவிக்கவேண்டும்.

பிளாங்க் படுக்கையிற் கிடந்தபோது, அவர் இடத்தை நிரப்ப இன்னொரு மனிதர் வேண்டியிருந்தார். இன்று இயந்திரமே அவ்விடத்தை நிரப்பக்கூடும். ஆதலால், திரையிற் பெயர் பெற முயன்ற கலைஞர், தம் குரல் தம்முடையதே என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க நேர்ந்துள்ளது.