டிரைபாட் வாங்கும்முன் கொஞ்சம் இயற்பியல்

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். 200 மி.மீ. லென்ஸ் மாட்டிய 24 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பாகத்தில் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட ஒரே ஒரு மைக்ரான் எழும்பினால் போதும், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் பிக்சலுக்கு நகர்ந்துவிடும்.

கணக்கு எளிதுதான். ஏ.பி.எஸ்-சி வகை சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 4 மைக்ரான். அதை 200 மி.மீ. குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் கோணம், ஒரு டிகிரியில் கிட்டத்தட்ட 900இல் ஒரு பங்கு. 5 செ.மீ. அகலமுள்ள கேமரா அடியில் அந்தக் கோணத்துக்கு ஈடான உயரம் ஒரு மைக்ரான்.

உச்சிவெயிலில் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடியில் மூடிவிடுவதால் இந்த ஆட்டமெல்லாம் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு பாலத்தையோ கடற்கரையையோ எடுக்க ஷட்டர் கால் விநாடி, அரை விநாடி திறந்திருக்க வேண்டும். அப்போது கை போதாது, டிரைபாட் வேண்டும். கடையில் கேட்டால் இரண்டாயிரம் ரூபாய்க்கும் தருகிறார்கள், அரை லட்சத்துக்கும் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் கால் மூன்றுதான். விலை ஏற ஏற நாம் முக்கியமாக வாங்குவது விறைப்பு. அந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், குறைந்த காசிலும் தேவையான அளவுக்கு அதை வாங்கிவிடலாம்.

முதல் கேள்வி லென்ஸைப் பற்றியது

மேலே போட்ட அதே கணக்கை 18 மி.மீ. லென்ஸுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிக்சலுக்கான கோணம் 11 மடங்கு பெரிதாகிவிடும். அதாவது, அதே கேமரா 11 மடங்கு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். செல்போனின் வழக்கமான கேமரா இதைவிடவும் தாராளம். ஆகவே ஊர்க்காட்சி, கட்டடம், குடும்பப் படம் எடுப்பவருக்கு நடுத்தரமான டிரைபாடே போதும். பறவை, நிலா என்று 300 மி.மீ. லென்ஸோடு கிளம்புகிறவர்தான் காலுக்குக் கூடுதலாகச் செலவழித்தாக வேண்டும். எந்த லென்ஸ் என்பதை முடிவு செய்யாமல் பட்ஜெட் போடுவதில் பயனில்லை.

ஆடாததும் அதிராததும்

மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் ஒரே தளத்தில்தான் அமையும். மூன்று கல் அடுப்பு மேடுபள்ளத்திலும் தள்ளாடாமல் பானையைத் தாங்குவது இதனால்தான். ஆனால், தள்ளாடாமல் நிற்பது வேறு, அதிராமல் நிற்பது வேறு. எந்த டிரைபாடும் ஒருவகையில் சுருள்வில் போலத்தான் நடந்துகொள்ளும். தட்டினால், தனக்கே உரிய வேகத்தில் விநாடிக்குப் பல தடவை அதிர்ந்து, பிறகு அடங்கும். விறைப்பு கூடினால் அதிர்வின் வீச்சு சுருங்கும். அதிர்வை உள்வாங்கி வெப்பமாக்கும் தன்மை கூடினால் சீக்கிரம் அடங்கும்.

காலின் விறைப்பைப் பெருமளவு தீர்மானிப்பது குழாயின் விட்டம். சுவரின் தடிமன் ஒன்றாகவே இருந்தால், வளைவதை எதிர்க்கும் திறன் ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 22 மி.மீ. குழாய் 11 மி.மீ. குழாயைவிட இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு விறைப்பு. ஐந்து துண்டுகளாக மடங்கி, கைப்பைக்குள் அடங்கும் டிரைபாடின் பலவீனம் இங்கேதான். ஒவ்வொரு துண்டும் முந்தையதற்குள் நுழைய வேண்டும் என்பதால், தரையைத் தொடும் கடைசித் துண்டு பென்சிலைவிடக் கொஞ்சமே தடிமனாக இருக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு இணைப்பும் தளர்வதற்கு ஓர் இடம். பணம் குறைவென்றால் மூன்று துண்டுக் கால், மிஞ்சினால் நான்கு. மடக்கினால் நீளமாக இருக்கும், பஸ்ஸில் கொண்டுபோகச் சற்றுச் சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டால் பணம் மிச்சம்.

நடுத்தண்டு என்னும் ஆசை

விளம்பரத்தில் ‘170 செ.மீ. உயரம்’ என்று இருந்தால், நடுத்தண்டை முழுதாக உயர்த்தி அளந்ததா என்று பாருங்கள். சாய்ந்து நிற்கும் மூன்று கால்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுத்தண்டோ ஒற்றைக் குழாய். ஒரு முனை பிடிபட்டு, மறுமுனையில் கேமராவைச் சுமந்து நிற்கிறது. அதன் நீளத்தை இரட்டித்தால், அதே உந்துதலுக்கு உச்சி எட்டு மடங்கு விலகும். நடுத்தண்டு ஏறாமலே முகவாய் உயரம் வந்தால் போதும். அதற்குமேல் டிரைபாடின் தலையும் கேமராவும் சேர்ந்து கண்மட்டத்துக்கு வந்துவிடும். திரை மடங்கும் கேமரா என்றால் நெஞ்சு உயரமே தாராளம். கால்களை நீட்டும்போதும் மேலேயுள்ள தடித்த துண்டை முதலில் இழுத்துவிட்டு, மெலிந்த துண்டைக் கடைசியில் தொடுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட எடை

‘தாங்கும் எடை 8 கிலோ’ என்ற வரியைப் பெரிதாக நம்ப வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதித்து எழுதும் எண் அல்ல அது. ஒடியாமல், சரியாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது, எவ்வளவு அதிரும் என்பதை அல்ல. அதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கால்களை முழுதாக நீட்டிப் பூட்டுங்கள். தலையின் மேல்தட்டை இரு கைகளாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் மெதுவாகத் திருகுங்கள். ஓரளவு நெகிழ்வது சகஜம். கைக்குத் தெரியும்படி இடைவெளி விட்டு ‘கடக்’ என்றால் வேண்டாம். அடுத்து, உங்கள் கேமராவை மாட்டி, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, எதிர்ச்சுவரிலுள்ள எழுத்தைப் பாருங்கள். காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். எழுத்து துடித்து நிலைக்க எத்தனை விநாடி ஆகிறது? இரண்டு மாடல்களை அடுத்தடுத்துச் சுண்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தலைக்கும் சோதனை உண்டு. உருண்டைமேல் திரும்பும் தலையான பால் ஹெட்டில், எழுத்தைத் திரையின் நடுவில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். எழுத்து மேலேறினால் கேமரா தலைகுனிகிறது என்று அர்த்தம். உருண்டை பெரிதாக இருந்தால் பிடிமானமும் கூடும். கேமராவை மாட்டும் பிளேட், பரவலாகக் கிடைக்கும் ஆர்கா-ஸ்விஸ் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்தும் பிளேட் தொலைந்தால், டிரைபாட் துணி காயப்போடத்தான் உதவும்.

அலுமினியமா, கார்பனா, மரமா?

1994இல் ஜிட்ஸோ நிறுவனம் கார்பன் ஃபைபர் டிரைபாடைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால், கார்பன் கலவையினது ஏறக்குறைய 1.6. அதிர்வையும் அது நன்றாக அடக்கும். ஆனால், கூடுதல் விலைக்குக் கிடைக்கும் முதல் லாபம் சில நூறு கிராம் எடைக் குறைவுதான். மலையேறுபவருக்கு அது பெரிது, பைக்கில் போகிறவருக்கு அல்ல. மெலிந்த கார்பன் காலைவிட, அதே விலையில் தடித்த அலுமினியக் கால் மேல்.

மரத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நில அளவைக்காரர்கள் இன்னும் மரக்கால் டிரைபாடைப் பயன்படுத்தக் காரணம் உண்டு. மரம் அதிர்வை நன்றாக உள்வாங்கும், வெயிலில் உலோகம்போல் நீளாது. பழைய சர்வே டிரைபாட் மலிவாகக் கிடைத்தால் விட வேண்டாம். அதன் திருகு 5/8 அங்குலம், கேமராவுக்கு வேண்டியது 1/4 அல்லது 3/8 அங்குலம். இரண்டையும் இணைக்க ஒரு சின்ன அடாப்டர் போதும். எடைதான் தோளை வாட்டும்.

செலவில்லாத விறைப்பு

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் திறக்கும்முன் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி அடிக்கிறது. இதன் அதிர்வு அதிகம் கெடுப்பது 1/60 முதல் 1/2 விநாடி வரையிலான படங்களை. 30 விநாடிப் படத்தில் முதல் ஒரு விநாடி அதிர்ந்தாலும், மொத்த வெளிச்சத்தில் முப்பதில் ஒரு பங்குதான் பாழ். அதனால் இடைப்பட்ட வேகங்களில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியையும், 2 விநாடி செல்ஃப் டைமரையும் பயன்படுத்துங்கள். காற்றில் படபடக்கும் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். நடுவிலுள்ள கொக்கியில் பையை மாட்டினால் கால்கள் தரையை நன்றாகப் பற்றும். ஆனால், பை ஊசலாடினால் அதுவே அதிர்வாகிவிடும். பையின் அடி தரையைத் தொடும்படி விடுவதே சரி. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற மத்திய தொல்லியல் துறைச் சின்னங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், அந்தக் காசுக்கு ஐந்தடி உயர டிரைபாட் வாங்க வேண்டாம். தடித்த துணிப்பையில் அரிசியோ பயறோ முக்கால்வாசி நிரப்பித் தைத்து, மதில்மேல் வைத்து, அதன்மேல் கேமராவை அமுக்கி வையுங்கள். காட்டில் ஜீப்பிலிருந்து படமெடுப்பவர்கள் பெரிய லென்ஸுக்கே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மிச்சக் காசை எடுத்து வைத்து, தடித்த மூன்று துண்டுக் கால்களுக்குச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். கேமரா உடலை மாற்றினாலும் நல்ல டிரைபாடை மாற்ற வேண்டியிருக்காது.