கருந்துளையின் அருகே இளம் விண்மீன்கள்

மாணவர்களே, "கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள யாவற்றையும் உறிஞ்சிவிடும்" என விடைத்தாளில் எழுதுவோர் பலர். இது பிழையானது. சூரியன் இருக்கும் இடத்தில் அதே திணிவுடைய கருந்துளை ஒன்று இருப்பினும் புவி இப்போதைய பாதையிலேயே சுற்றிவரும். (வெளிச்சம் மட்டும் இராது!) மிக அண்மையில் செல்பவையே விழுங்கப்படும். இதனை மனதில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எமது பால்வீதியின் மையத்தில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப் போல் சுமார் 40 இலட்சம் மடங்கு திணிவுடைய கருந்துளை ஒன்று உண்டு. இடையிலுள்ள தூசு கட்புல ஒளியை மறைப்பதால், செந்நிறக்கீழ்க் கதிர்களின் உதவியுடனேயே அப்பகுதியை அவதானிக்கின்றனர். ரைன்ஹார்ட் கென்செல், அன்ட்ரியா கெஸ் ஆகியோரின் இரு குழுக்கள் சிலியிலும் ஹவாயிலும் உள்ள தொலைகாட்டிகளால் பல ஆண்டுகள் இதனைச் செய்தன. 2020 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. அவர்கள் பின்தொடர்ந்த எஸ்2 என்னும் விண்மீன் கருந்துளையை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2018 மே மாதத்தில் அது மிக நெருங்கியபோது, அதன் வேகம் செக்கனுக்கு 7,600 கிலோமீற்றரைத் தாண்டியது. அப்படியிருந்தும் அது விழுங்கப்படவில்லை.

ஆனால் வியப்பு வேறிடத்தில் உள்ளது. அங்குள்ள பல விண்மீன்கள் திணிவு கூடியவை, வெப்பம் மிக்கவை, நீல நிறமானவை. திணிவு கூடிய விண்மீன் தன் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். ஆகவே அவை இன்னும் ஒளிர்கின்றன என்றால், அண்மையில் பிறந்தவையாகவே இருத்தல் வேண்டும். அவற்றுட் பலவற்றின் வயது 40 முதல் 60 இலட்சம் ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. டைனோசர்கள் அழிந்ததோ 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்!

விண்மீன் பிறக்க வேண்டுமாயின் வாயுமுகில் தன் சொந்த ஈர்ப்பினால் சுருங்க வேண்டும். கருந்துளைக்கு அருகிலோ முகிலின் கிட்டிய பக்கம் கூடுதலாகவும் தூரப் பக்கம் குறைவாகவும் இழுக்கப்படும். சந்திரன் எமது கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குவதும் இவ்வாறே. சாதாரண முகில் இதனால் இழுபட்டுச் சிதறிவிடும். அப்படியாயின் இவை எங்ஙனம் பிறந்தன?

பலர் ஏற்கும் விளக்கம் இது. பெரிய முகில் ஒன்று மையத்தை நோக்கி விழுந்து, இழுபட்டு, கருந்துளையைச் சுற்றும் தட்டாக மாறியது. தட்டினுள் வாயு நெருங்கிக் குளிர்ந்தது. அதன் அடர்த்தி மிகவும் கூடியபோது சொந்த ஈர்ப்பு இழுவிசையை வென்றது. தட்டு துண்டு துண்டாக உடைந்து விண்மீன்களாயிற்று. சான்றும் உண்டு: ஒன்றரை ஒளியாண்டு அளவான பகுதிக்குள் இளம் விண்மீன்களில் ஒரு கணிசமான பங்கு இன்றும் ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுகின்றது.

எஸ்2 போன்ற மிக நெருங்கியவை இத்தட்டில் அடங்கா. அவற்றின் பாதைகள் பல பக்கமும் சரிந்துள்ளன. இதற்கு ஜாக் ஹில்ஸ் 1988 இல் கூறிய கருத்து உதவுகின்றது. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன் கருந்துளையை நெருங்கினால் சோடி பிரியும். ஒன்று அங்கேயே சிறைப்படும், மற்றது அதிவேகத்தில் வெளியே வீசப்படும். அப்படி வீசப்பட்ட விண்மீன் ஒன்று பற்றி 2019 இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 48 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மையத்தை விட்டுப் புறப்பட்ட அது, செக்கனுக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் வேகத்தில் பால்வீதியை விட்டே சென்றுகொண்டிருக்கிறது.