கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டை

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் கிளியனூர். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் இந்தப் பக்கத்து ஏரி, குளங்களுக்குப் புதுத் தண்ணீர் வரும். செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு காவி நிறத்தில் வரும்.

குழாய்த் தண்ணீர் இல்லாத காலத்தில் இதை எப்படிக் குடித்தார்கள்?

அதற்கு ஒரு கொட்டை இருந்தது. அதுதான் தேற்றாங்கொட்டை!

பெயரிலேயே பொருள்

"தேற்று" என்றால் தெளியச் செய் என்று பொருள். துக்கத்தில் இருப்பவருக்குத் தேறுதல் சொல்கிறோம் அல்லவா? அதே சொல்தான்.

மண்பானையின் உட்புறத்தில் இந்தக் கொட்டையை நன்றாகத் தேய்ப்பார்கள். பிறகு கலங்கல் நீரை ஊற்றி, மூடி வைப்பார்கள். சில மணி நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. நீரில் மிதக்கும் மண் துகள்கள் மிகவும் நுண்ணியவை. தனித்தனியாக இருக்கும்வரை அவை அடியில் இறங்குவதில்லை. கொட்டையில் இருந்து கரைந்து வரும் பொருள்கள் அவற்றை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கின்றன. கட்டியானதும் கனம் கூடி இறங்கிவிடுகின்றன. முருங்கை விதைக்கும் இந்தக் குணம் உண்டு.

சங்க நூலான கலித்தொகையிலேயே இந்தக் கொட்டை பேசப்படுகிறது. அங்கே மரத்தின் பெயர் "இல்லம்".

காடும் கோவிலும்

தேற்றா, வறண்ட காட்டு மரம். பட்டை தடித்து வெடித்திருக்கும். வெள்ளைப் பூக்கள் மணக்கும். கட்டை உறுதியானது, ஏர், வண்டி செய்ய உதவும். பழம் கருப்பாகப் பழுக்கும். அதன் சதையை உண்பார்கள். திருக்குவளைக் கோவிலில் இதுவே தல மரம்.

சித்த மருத்துவத்தில் தேற்றான் கொட்டை லேகியம் பெயர் பெற்றது. உடல் மெலிவுக்கும் மூலத்துக்கும் கொடுப்பார்கள். கொட்டையை முறைப்படி சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள்.

ஏமாந்துவிடாதீர்கள்!

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரம் எட்டி. அதன் கொட்டையில் ஸ்டிரிக்னைன் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது உயிரைக் குடிக்கும்.

எட்டிப் பழம் ஆரஞ்சு நிறம், உருவத்தில் பெரியது. உள்ளே பல கொட்டைகள், காசு போலத் தட்டையாக இருக்கும். தேற்றாம் பழம் சிறியது, கருப்பு. உள்ளே பெரும்பாலும் ஒரே கொட்டை, உருண்டையாக இருக்கும். இந்த அடையாளத்தை மட்டும் நம்பிக் காட்டில் பொறுக்கி வந்து பயன்படுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் மருந்தாகவும் சாப்பிடக் கூடாது.

தெளிந்தால் போதுமா?

இன்னொன்றையும் தாய்மார்கள் மனத்தில் வைக்க வேண்டும். தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அல்ல. மண் இறங்கினாலும் நோய்க் கிருமிகள் நீரிலேயே தங்கியிருக்கலாம். கண்ணாடி போலத் தெரிகிற நீரிலும் காலராவும் வயிற்றுப்போக்கும் ஒளிந்திருக்கும். ஆகவே தெளிந்த நீரை வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற்றிக் குடிக்க வேண்டும்.

பாதி வேலையைக் கொட்டை செய்யும். மீதி வேலையை அடுப்பு செய்ய வேண்டும்!

இன்று ஊருக்கு ஊர் குடிநீர்த் தொட்டி வந்துவிட்டது. கொட்டையைத் தேடுவார் இல்லை. மரத்தையும் மறந்து வருகிறோம். உங்கள் ஊர்க் காட்டிலோ கோவில் தோப்பிலோ ஒரு தேற்றா நின்றால், பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட யாருக்கும் எளிதில் மனம் வராது.